காதைக் கெடுப்பது வெல்டிங் மெஷினா?

வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர் ஆம்பியர் எவ்வளவு, டியூட்டி சைக்கிள் எவ்வளவு, 4 எம்.எம். ராடு நாள் முழுக்க ஓடுமா, ரிப்பேர் என்றால் யார் வருவார்கள் என்றெல்லாம் விசாரிப்பார். சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும், மெஷினைப் பற்றிக் கிடைக்கிற பதிலை வைத்துப் பட்டறையின் நிலைமையைத் தெரிந்துகொள்ள முடியாது. காதைக் கெடுக்கும் சத்தத்தில் மெஷினின் பங்கு சொற்பம். ஆர்க்கின் பங்கும் பலர் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பங்கு வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலைகளிலிருந்து வருகிறது.

மெஷினை முதலில் முடித்துவிடலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட் ‘ம்ம்ம்’ என்று இரைவது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை நுண்ணியதாக விரிந்து சுருங்குவதால். இன்வெர்ட்டர் மெஷினில் ஸ்விட்சிங் பெரும்பாலும் காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நடக்கிறது. ஃபேன் சத்தம்தான் மிச்சம். கரண்ட் இல்லாத சைட்டில் ஓடும் டீசல் செட் மட்டும் வேறு ரகம். புதிய டீசல் ஜெனரேட்டர்களுக்கு, கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. இன்ஜின் சூடாகிறது என்று கூண்டின் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டால் அந்த விதிக்குப் பொருளே இல்லை.

இனி வேலைகளுக்கு வருவோம். பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ., வெல்டிங் தொடர்பான ஒவ்வொரு வேலைக்கும் வழக்கமாக எவ்வளவு சத்தம் வரும் என்று ஒரு பட்டியல் தருகிறது. நம் பட்டறைப் பேச்சில் சொன்னால், ஆர்கான் வெல்டிங் 75 டெசிபல் வரை. ராடு வைத்து அடிக்கும் சாதாரண ஆர்க் வெல்டிங் 85 முதல் 95. சி.ஓ.டூ என்று நாம் சொல்லும் மிக் வகை 95 முதல் 102. கேஸ் கட்டிங் 100 வரை. கையால் பிடித்து வெட்டும் பிளாஸ்மா 98 முதல் 105. கிரைண்டிங் 95 முதல் 105. வெல்டிங் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டி எடுக்கும் சிப்பிங் 105. கார்பன் ராடும் காற்றும் வைத்து இரும்பைத் தோண்டும் கவுஜிங் 100 முதல் 115. இவையெல்லாம் மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்தி அளக்கும் ‘ஏ’ அளவையில் சொன்னவை.

95-க்கும் 115-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். டெசிபல் அப்படிக் கூட்டிக் கழிக்கிற அளவை அல்ல. 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. ஆனால் நம் மூளைக்கு 10 டெசிபல் கூடுவது ஏதோ இரண்டு மடங்கு சத்தம் மாதிரித்தான் தெரியும். ஆற்றல் பத்து மடங்கு ஏறியதைக் காது வாங்கிக்கொள்கிறது, ஆளுக்குத் தெரிவதில்லை.

திருச்சி பக்கம் திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1960-களில் அங்கே பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் தொழிற்சாலை வந்தது. 1975-ல் அதே நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. சுற்றிலும் பாய்லருக்கான இரும்புச் சட்டங்கள், குழாய்கள், டக்ட்கள் செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் கனமான பிளேட்டுகளை இணைக்கும் வெல்டர் ஒருவரின் 8 மணி நேரத்தை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 4 மணி நேரம் ராடு வெல்டிங், 88 டெசிபல். ஒன்றரை மணி நேரம் 7 அங்குல வீல் போடும் ஏஜி-7 கிரைண்டர், 100 டெசிபல். வெறும் 15 நிமிடம் கவுஜிங், 110 டெசிபல். மீதி இரண்டேகால் மணி நேரம் சும்மா ஷெட்டுக்குள் நிற்பது, நடப்பது, பீஸ் திருப்புவது, 82 டெசிபல்.

இவற்றை ஆற்றலாக மாற்றிக் கூட்டினால், அன்றைய சராசரி 97 டெசிபலைத் தாண்டுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தக் கூட்டலில் யார் பங்கு எவ்வளவு என்பது. 15 நிமிடக் கவுஜிங் கிட்டத்தட்ட 58 சதவீதம். கிரைண்டிங் 35 சதவீதம். நாள் பாதியை விழுங்கிய வெல்டிங் 6 சதவீதம்தான். ஷெட் இரைச்சல் 1 சதவீதம்கூட இல்லை. அதாவது அமைதியான மெஷின், அமைதியான ஆர்க் என்று எவ்வளவு செலவழித்தாலும் சராசரி கால் டெசிபல் அளவுக்குத்தான் இறங்கும். கவுஜிங்கை மட்டும் நிறுத்தினால் கிட்டத்தட்ட 4 டெசிபல் இறங்கிவிடும்.

கவுஜிங் ஏன் இப்படிக் கத்துகிறது? கனமான பிளேட்டை இருபுறமும் வெல்டிங் செய்யும்போது, முதல் புறம் முடிந்ததும் பீஸைத் திருப்பிப் போட்டு, ஜாயிண்டின் அடிப்பகுதியான ரூட்டில் தங்கிய ஸ்லாக்கையும் ஓட்டையையும் பின்பக்கமிருந்து தோண்டி எடுக்க வேண்டும். தாமிரப் பூச்சுப் போட்ட கார்பன் ராடில் பெரிய கரண்டைக் கொடுத்து இரும்பை உருக்குவார்கள். உருகிய இரும்பை ஹோல்டரின் துளைகளிலிருந்து 80, 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பாயும் காற்று ஊதித் தள்ளும். பீய்ச்சும் காற்று ஒரு பக்கம், நிலையில்லாமல் துள்ளும் ஆர்க் ஒரு பக்கம், அந்தக் காற்று பள்ளத்தின் விளிம்பில் மோதி எழுப்பும் சத்தம் ஒரு பக்கம். பாய்லர் டிரம் போன்ற உருளைக்குள் உட்கார்ந்து அடித்தால் சத்தம் வெளியே போக வழியில்லாமல் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. வெளியே நிற்பவருக்கு அந்த உருளையே ஓங்கி ஒலிக்கும் கோயில் மணி.

ஆர்க் எழுப்பும் சத்தத்துக்கும் காரணம் உண்டு. ஆர்க்கில் பாயும் மின்திறன் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். ஆர்கான் வெல்டிங்கில் நேர்மின்சாரம் ஒரே சீராகப் பாய்வதால் ஏறக்குறைய அமைதி, அலுமினியத்துக்கு ஏ.சி. போட்டதும் அதே டார்ச் ரீங்கரிக்கும். சி.ஓ.டூ-வில் குறைந்த வோல்ட்டில் ஓட்டும்போது கம்பி உருகிய குளத்தில் போய் முட்டுகிறது, ஷார்ட் ஆகிறது, ஆர்க் அணைகிறது, முனை வெடித்து மறுபடி பற்றிக்கொள்கிறது. இது நொடிக்கு 20 முதல் 200 தடவை வரை நடக்கும். ஒவ்வொரு பற்றலும் ஒரு குட்டி வெடி. அவை ஒரே தாளத்தில் வந்தால் அப்பளம் பொரிகிற மாதிரி சீரான படபடப்பு. வோல்ட் தப்பினால் தாளம் தட்டும். பழகிய வெல்டர் மீட்டரைப் பார்க்காமல் இந்தச் சத்தத்தை வைத்தே வோல்ட்டைத் திருகுவார். சத்தம் அவருக்கு ஒரு கருவியும்கூட. காதடைப்பான் போடச் சொன்னால் அவர் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிப்பிங்கும் சுத்தியலும் இன்னொரு வகை. இரண்டு பிளேட்டின் விளிம்பு சேரவில்லை என்றால் ஃபிட்டர் என்ன செய்வார்? ஒரு ‘ட’ வடிவத் துண்டைச் சின்னதாக வெல்டு வைத்து ஒட்டி (டேக் போட்டு), அதில் ஆப்பை நுழைத்து, சம்மட்டியால் நாலு போடு போடுவார். இந்த மாதிரி சட்டென்று வந்து போகும் அடியைச் சாதாரண மீட்டர் சரியாகப் பிடிப்பதில்லை. உச்சத்தை அளக்கும் வசதி வேண்டும். இந்தியத் தொழிற்சாலை விதிகளின் அட்டவணையில் இதற்குத் தனிக் கணக்கு உண்டு. உச்சம் 140 டெசிபல் என்றால் நாளுக்கு 100 அடி, 120 என்றால் 10,000 அடி என்று எண்ணிக்கையை வைத்தே வரம்பு கட்டுகிறது. பட்டறையில் அடியை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பாய்லர் வேலைக்கும் செவிட்டுக்கும் உள்ள சம்பந்தம் வெல்டிங்கைவிடப் பழையது. 1886-ல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தபால்காரர்களையும் சோதித்தார். ஒரு கைக்கடக்கமான கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பதுதான் சோதனை. பாய்லர்காரர்களில் ஒருவருக்குக்கூட இயல்பான கேட்கும் திறன் இல்லை. அந்தக் காலத்தில் பிளேட்டுகளை ரிவெட் அடித்துத்தான் சேர்ப்பார்கள். வெளியிலிருந்து ஒருவர் அடிக்க, பாய்லருக்குள் ஒருவர் ரிவெட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு வெல்டிங் வந்து ரிவெட்டை ஓரங்கட்டியது. சத்தக் கணக்கில் பார்த்தால் அது பெரிய விடுதலை. ஆனால் வெல்டிங்கோடு கூடவே கிரைண்டரும் கவுஜிங்கும் உள்ளே வந்துவிட்டன.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழாயில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. காதுத் துவாரத்தின் அமைப்பே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைக் கூட்டிக் கொடுப்பதால், தொழிற்சாலைச் சத்தம் முதலில் தாக்குவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை. கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தால் 4,000-க்கு அருகே கோடு பள்ளத்தில் விழுந்து ஏறும். பேச்சின் உயிரொலிகள் இதற்குக் கீழே இருப்பதால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது மட்டும் பிடிபடாது. தட்டு, கட்டு, பட்டு எல்லாம் ஒன்றாகிவிடும். ‘கேக்குது தம்பி, புரியலை’ என்று சொல்பவருக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். டீக்கடையில் போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கு நேராகப் பிடித்துக் கத்திப் பேசும் நாற்பது வயதுக்காரர்களைத் தொழிற்பேட்டைப் பக்கம் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

ஏமாற்றுவது என்னவென்றால், ஆரம்பத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கும், ‘கொய்ங்’ என்று ரீங்காரம் கேட்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். இப்படிப் போய்ப் போய், ஒரு கட்டத்தில் போகாமல் தங்கிவிடுகிறது. பெயிண்ட் அடித்த பழைய இரும்பைச் சூடாக்கும்போது வரும் ஈயப் புகையும், கார்பன் மோனாக்சைடும், தின்னரில் உள்ள டொலுயீனும் காதையே நேரடியாகப் பாதிக்கக்கூடியவை. சத்தத்தோடு சேரும்போது சேதம் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரும்வரை நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இருந்தது. தொழிற்சாலை விதிகளின் அட்டவணையில் சத்த வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி, 105 என்றால் 1 மணி, 110 என்றால் அரை மணி, 115 என்றால் கால் மணி. அதற்கு மேல் கூடவே கூடாது. 5 டெசிபல் ஏறினால் நேரம் பாதி என்பது இதன் அடிப்படை. இது அமெரிக்காவில் 1969-ல் அரசு ஒப்பந்த வேலைகளுக்காகக் கொண்டுவந்த அட்டவணையை ஏறக்குறைய அப்படியே ஒத்திருக்கிறது. அதே அமெரிக்காவின் ஆராய்ச்சி அமைப்பான நியாஷ் பரிந்துரைப்பது வேறு: 8 மணி நேரத்துக்கு 85, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ம் ஆண்டு விதி 80-லேயே எச்சரிக்கையைத் தொடங்கி, 85-ல் நடவடிக்கையைக் கட்டாயமாக்கி, 87-ஐ வரம்பாக வைக்கிறது.

இந்த வித்தியாசம் காகிதத்தோடு நிற்பதில்லை. மேலே போட்ட நம் வெல்டரின் நாளையே இரண்டு அட்டவணையிலும் வைத்துப் பாருங்கள். இந்திய அட்டவணைப்படி கிரைண்டிங்குக்கு முக்கால் பங்கு, கவுஜிங்குக்கு அரைப் பங்கு, ஆக அனுமதித்ததைப்போல ஒன்றேகால் மடங்கு. 90-க்குக் கீழே இருப்பதால் வெல்டிங்கை அதில் சேர்க்கவில்லை. கொஞ்சம் சரிசெய்தால் போதும் என்றுதான் மேனேஜருக்குத் தோன்றும். நியாஷ் கணக்கில் அதே நாள் 17 மடங்கு. ஒலியின் ஆற்றல் இரட்டிப்பது 3 டெசிபலில் என்பதால் எனக்கு இரண்டாவது கணக்குத்தான் ஏற்புடையதாகத் தெரிகிறது. இடைவேளைகளில் காது தேறிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் போட்டது 5 டெசிபல் கணக்கு. ஓவர்டைம் ஓடுகிற பட்டறைக்கு அது ரொம்பத் தாராளம்.

குறைக்க என்ன வழி? முதலில் ஒரு கணக்கு. ஒரே இடத்தில் 100 டெசிபல் கிரைண்டரும் 90 டெசிபல் வெல்டிங்கும் ஓடினால் மொத்தம் 190 இல்லை, 100.4. வெல்டிங்கை நிறுத்தினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே அதிகம் கத்துவதை முதலில் பிடிக்க வேண்டும்.

கவுஜிங்கையே தவிர்க்க ஒரு வழி செராமிக் பேக்கிங். சின்னச் சின்னப் பீங்கான் கட்டிகளை அலுமினிய டேப்பில் வரிசையாக ஒட்டி விற்பார்கள். அதை ஜாயிண்டின் பின்புறம் ஒட்டிவிட்டால் ரூட்டை ஒரே புறமிருந்து முழுசாக இறக்கலாம், பின்பக்கம் தோண்டும் வேலை இல்லை. கப்பல் கட்டும் தளங்களில் இது பழைய வழக்கம். பாய்லர் வேலையில் சிக்கல், ஜாயிண்ட் முறை மாறினால் வெல்டிங் செய்முறை ஆவணமான டபிள்யூ.பி.எஸ்.-ஐப் புதிதாக எழுதி, டெஸ்ட் பீஸ் போட்டு, வளைத்துக் கிழித்துக் காட்டி, இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் கார்பன் ராடைத் தொடர்கிறார்கள். மிதமான கனத்துக்கு விளிம்பை மெஷினில் சீவிச் சரியாக வைத்தாலே பாதிக் கவுஜிங் குறையும்.

கிரைண்டிங்கைக் குறைப்பது வெல்டிங்கிலேயே தொடங்குகிறது. வெறும் சி.ஓ.டூ-வுக்குப் பதில் ஆர்கான் கலந்த கேஸ் போட்டால், தெறித்து ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துளிகளான ஸ்பேட்டர் குறையும். ஸ்பேட்டர் குறைந்தால் சிப்பிங்கும் குறையும். கேஸ் விலை கூடத்தான் செய்யும், ஆனால் கிரைண்டிங் ஆள்கூலியையும் வீல் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். தடித்த கிரைண்டிங் வீலைவிட ஃபிளாப் டிஸ்க் சத்தம் குறைவு. மெல்லிய ஷீட்டில் கிரைண்டர் வைத்தால் ஷீட் முழுவதும் அதிரும். காந்த மேட் ஒன்றை மறுபுறம் ஒட்டினாலோ நன்றாக கிளாம்ப் பண்ணினாலோ அது அடங்கும். சி.என்.சி. பிளாஸ்மாவில் பிளேட்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வெட்டினால் சத்தமும் புகையும் சேர்ந்தே இறங்கும். பிளேட்டுகளைச் சேர்த்துப் பொருத்தும் ஃபிட்-அப்புக்குச் சம்மட்டிக்குப் பதில் ஹைட்ராலிக் ஜாக். இதற்கெல்லாம் வசதி இல்லாத சின்னப் பட்டறையிலும் ஒன்று செய்யலாம்: கவுஜிங்கை ஷெட்டின் கடைசி மூலைக்கு, ஆள் குறைந்த நேரத்துக்குத் தள்ளலாம். ஏனென்றால் அடிப்பவர் ஒருவர், கேட்பவர் இருபது பேர். ஹெல்பர், பெயிண்டர், அளவெடுக்க வந்த கியூ.சி. ஆள் யாருடைய பெயரும் சத்தக் கணக்கில் வருவதே இல்லை.

அளக்க மீட்டர் இல்லையா? 1 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கும் என்றால் அங்கே 90-ஐ ஒட்டி இருக்கிறது. ஐபோன் இருந்தால் நியாஷ் இலவசமாகத் தரும் ஆப் ஓரளவு நம்பகமானது.

கடைசியாகத்தான் காதடைப்பான். நடைமுறையில் முதலாவதும் முடிவானதும் அதுவாகவே இருக்கிறது, விலை குறைவு என்பதால். அட்டையில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பதை நம்பிவிடக்கூடாது. விரலால் உருட்டி உள்ளே விடும் ஃபோம் பிளக்குக்கு அட்டையில் உள்ளதில் பாதியைக் கழித்துவிடச் சொல்கிறது நியாஷ். சரியாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்து விட்டால்தான் அந்தப் பாதியாவது கிடைக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. உண்மையிலேயே 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால், அன்று முழுதும் கிடைத்த பாதுகாப்பு 12 டெசிபல்தான். போன் வந்தது, மேஸ்திரி கூப்பிட்டார் என்று சத்தத்துக்கு நடுவிலேயே கழற்றுவதில் அரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

வெல்டருக்கு அடைப்பானால் இன்னொரு லாபம் உண்டு. தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ வெல்டிங் செய்யும்போது தெறிக்கும் சூடான துளி காதுக்குள் போய் செவிப்பறையைத் துளைத்துவிடும். காது மருத்துவர்கள் நன்கு அறிந்த காயம் இது. காதை மூடியிருந்தால் அதுவும் நடக்காது. தீப்பொறி விழும் இடத்தில் ஃபோமைவிட சிலிக்கான் பிளக் நல்லது. ஆர்க்கின் தாளம் கேட்காதே என்ற புகாருக்குப் பதில், அளவான அடைப்பானைத் தேர்ந்தெடுப்பது. காதுக்குள் 75, 80 டெசிபல் வந்தால் போதும். அளவுக்கு மீறி அடைத்து 70-க்குக் கீழே கொண்டுபோனால் ஆர்க்கும் கேட்காது, மேலே நகரும் கிரேனின் மணியும் கேட்காது.

இழப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சத்தத்தால் வரும் செவிக்குறைவைத் தொழில்நோயாகப் பட்டியலிட்டிருந்தன. அந்த வேலையில் தொடர்ந்து 6 மாதமாவது இருந்திருக்க வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. ஆனால் இழப்பீடு கேட்கப் போகும் இடத்தில் வழக்கமாக எழும் வாதம் ஒன்றுதான்: இது வயதால் வந்தது, அல்லது முன்பு வேலை செய்த இடத்தில் வந்தது. காண்ட்ராக்டில் ஆறு பட்டறை மாறியவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? அதிகச் சத்தமுள்ள வேலையில் சேர்ந்தவருக்கு 14 நாளுக்குள் செவிச் சோதனை, அப்புறம் 12 மாதத்துக்கு ஒரு தடவை மறுசோதனை என்று விதியே இருக்கிறது. முதல் சோதனையின் ஆடியோகிராம் நகல் ஒன்று தொழிலாளி கையில் இருந்தால், எந்தப் பட்டறையில் கோடு இறங்கியது என்று அதுவே காட்டிவிடும். சேரும் அன்றே அதைக் கேட்டு வாங்கி, ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வைத்திருக்கும் அதே ஃபைலில் போட்டு வைக்கலாம்.